ரேங்க் விழுந்தால் லிங்க்கில் எங்கே கோளாறு? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

தளம் தேடலில் பின்னால் போனதும் முதலில் பழி விழுவது பேக்லிங்க் மேல்தான், அதாவது பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் இணைப்புகள் மேல். "லிங்க் போதவில்லை, கொஞ்சம் வாங்கிப் போடுங்கள்" என்பார் ஒருவர். "கெட்ட லிங்க் சேர்ந்துவிட்டது, தள்ளிவிடுங்கள்" என்பார் இன்னொருவர். இரண்டுக்கும் செலவு உண்டு, இரண்டாலும் நிலைமை இன்னும் மோசமாகலாம். சிறு தளங்களில் நான் பார்க்கிற லிங்க் கோளாறுகளில் பெரும்பாலானவை தளத்தின் உள்ளேயே இருக்கின்றன: மாறிப்போன முகவரி, யாரும் இணைக்காத பக்கம், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீமுக்குள் ஒளிந்திருக்கும் நிரல். வெளியாட்களின் லிங்க்கைத் தொடுவது கடைசி வேலை.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுக்குப் பொருந்தும் இடத்துக்கு நேராகப் போகலாம். அடுத்த பகுதியை மட்டும் தாண்டாதீர்கள்.

எல்லோரும் முதலில் பார்க்க வேண்டியது

தளக்காரர்களுக்குக் கூகுள் தரும் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் அறிக்கைக்குப் போங்கள். அதில் 16 மாதத் தரவு இருக்கும். கிளிக், இம்ப்ரெஷன் (தேடல் முடிவில் காட்டப்பட்ட தடவைகள்), சராசரி இடம் மூன்றையும் ஒன்றாக ஆன் செய்து, விழுவதற்கு முந்தைய ஒரு மாதத்தையும் பிந்தைய ஒரு மாதத்தையும் ஒப்பிடுங்கள்.

சராசரி இடம் அப்படியே இருக்கிறது, இம்ப்ரெஷனும் இருக்கிறது, கிளிக் மட்டும் குறைந்திருக்கிறது என்றால் லிங்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. முடிவுப் பக்கத்தில் உங்களுக்கு மேலே விளம்பரமோ, ஏஐ பதிலோ, வீடியோ வரிசையோ வந்து உட்கார்ந்திருக்கும். நீங்கள் படிக்க வேண்டியது வேறு கட்டுரை.

இடம் உண்மையிலேயே இறங்கியிருந்தால் இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, எல்லாப் பக்கமும் இறங்கியதா, சில பக்கங்கள் மட்டுமா? இரண்டு, வரைபடக் கோடு ஒரே நாளில் செங்குத்தாக விழுந்ததா, மெல்ல மெல்லச் சரிந்ததா? இந்த இரண்டு பதிலும் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. உங்கள் போனில் நீங்களே தேடிப் பார்த்து "நான் பத்தாவது இடம்" என்று முடிவு செய்ய வேண்டாம். இருக்கும் ஊரையும் பழைய தேடல்களையும் பொறுத்து அது மாறும்.

அப்புறம் அதே கன்சோலில் மேனுவல் ஆக்ஷன்ஸ் (கூகுள் ஊழியர் பார்த்துக் கொடுத்த தண்டனை), செக்யூரிட்டி இஷ்யூஸ் (ஊடுருவல் போன்ற பாதுகாப்புக் கோளாறு) இரண்டையும் திறந்து பாருங்கள். இரண்டிலும் பச்சை டிக் இருந்தால் நல்லது. ஏதாவது எழுதியிருந்தால் மற்றதை எல்லாம் விட்டுவிட்டு அதற்கான பகுதிக்குப் போங்கள்; செக்யூரிட்டி இஷ்யூஸ் என்றால் கடைசிப் பகுதி.

அறிகுறி: புதிய பக்கம் தேடலில் வரவே இல்லை

சைட்மேப் (தளத்தின் முகவரிப் பட்டியல்) கொடுத்தாயிற்று, வாரங்கள் ஓடிவிட்டன, பக்கம் எங்கேயும் காணோம். கன்சோலின் யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் முகவரியை ஒட்டிப் பாருங்கள். பொதுவாக மூன்றில் ஒரு பதில் வரும்.

நோஇன்டெக்ஸ், அதாவது தேடல் பட்டியலில் சேர்க்காதே என்ற குறி, என்று வந்தால் காரணம் லிங்க் அல்ல. தளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸ்ஸில் அமைப்புகள், ரீடிங் பகுதியில் "தேடுபொறிகள் இந்தத் தளத்தை இன்டெக்ஸ் செய்ய வேண்டாம்" என்ற பொருளில் ஒரு டிக் பெட்டி உண்டு. தளம் கட்டும்போது டிக் செய்துவிட்டு, திறந்த பிறகு எடுக்க மறந்துபோவது அன்றாடக் கதை.

"டிஸ்கவர்டு, கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்டு" என்று வந்தால் முகவரி தெரியும், இன்னும் வந்து பார்க்கவில்லை என்று பொருள். "கிரால்டு, கரன்ட்லி நாட் இன்டெக்ஸ்டு" என்றால் வந்து பார்த்தும் எடுத்துக்கொள்ளவில்லை. கிரால்டு என்று வந்தால் பக்கத்தின் சரக்கையே சந்தேகப்பட வேண்டும். டிஸ்கவர்டு என்று வந்தால் உள் இணைப்பைச் சந்தேகப்படுங்கள்.

தளத்தில் வேறு எந்தப் பக்கத்திலிருந்தும் இணைக்கப்படாத பக்கத்தை அனாதைப் பக்கம் என்பார்கள். சைட்மேப்பில் பெயர் இருப்பதால் மட்டும் அதற்கு மதிப்பு வந்துவிடாது. ஏற்கெனவே கூகுளில் நன்றாக வரும் உங்கள் பழைய கட்டுரைகள் மூன்று நான்கை எடுங்கள். பேச்சு இயல்பாக வரும் இடத்தில், பத்திக்குள்ளேயே, புதிய பக்கத்துக்கு இணைப்புக் கொடுங்கள். இணைப்பாக மாற்றும் சொற்கள் அந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று சொல்ல வேண்டும். "இங்கே கிளிக் செய்யவும்" என்பதிலிருந்து கூகுளுக்கு ஒன்றும் தெரியாது. படத்தை இணைப்பாக வைத்தால் படத்துக்கு விளக்கமாக எழுதும் ஆல்ட் வாசகம்தான் ஆங்கர் டெக்ஸ்டாக, அதாவது இணைப்புச் சொற்களாக, கணக்கில் வரும். அது காலியாக இருந்தால் அந்த இடமும் காலி.

சில தீம்களிலும் பேஜ் பில்டர்களிலும் பட்டன்கள் ஜாவாஸ்கிரிப்டால் மட்டும் வேலை செய்யும். நாம் தொட்டால் பக்கம் திறக்கும். ஆனால் பக்கத்தின் நிரலில் இணைப்பைக் குறிக்கும் ஏ டேக்கும், அதற்குள் ஹெச்ரெஃப் முகவரியும் இல்லையென்றால் கூகுள் அதை லிங்க்காகப் பின்தொடரும் என்று நம்ப முடியாது. பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து, "புதிய டேபில் திற" என்ற தெரிவு வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் கோளாறு.

அறிகுறி: பேக்லிங்க் நூற்றுக்கணக்கில் இருக்கிறது, ரேங்க் அசையவில்லை

முதலில், எந்த எண்ணைப் பார்த்து இதைச் சொல்கிறீர்கள்? டிஏ (டொமைன் அத்தாரிட்டி), டிஆர் (டொமைன் ரேட்டிங்) என்று வரும் மதிப்பெண்கள் மோஸ், ஏஹெச்ரெஃப்ஸ் போன்ற தனியார் கருவிகள் தாங்களாகக் கணித்துப் போடுபவை. கூகுள் அவற்றைப் பயன்படுத்துவதில்லை. கூகுளின் சொந்த பேஜ்ரேங்க் எண்ணை டூல்பாரில் எல்லோரும் பார்க்க முடிந்த காலம் ஒன்று இருந்தது. அது 2016-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. "டிஏ 40 தளத்தில் லிங்க்" என்று விலை சொல்கிறவர் கூகுளுக்குத் தெரியாத நாணயத்தில் வியாபாரம் செய்கிறார்.

கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டில் 1990-களின் கடைசியில் உருவாக்கிய பேஜ்ரேங்க்கின் அடிப்படை எளிது. ஒரு பக்கத்துக்கு இருக்கும் மதிப்பு அதிலிருந்து வெளியேறும் லிங்க்குகளுக்குப் பங்கிடப்படும். மதிப்புள்ள பக்கம் சில லிங்க் மட்டுமே கொடுத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது அதிகம். மதிப்பில்லாத பக்கம் ஆயிரம் லிங்க் கொடுத்தாலும் பங்கிட ஒன்றும் இல்லை. 1998-ல் வந்த அவர்களுடைய கட்டுரையிலிருந்து கணக்கு எவ்வளவோ மாறிவிட்டது. ஆனாலும் எண்ணிக்கை ஏன் ஏமாற்றும் என்பதற்கு அந்த ஒரு வரி போதும்.

இப்போது கன்சோலில் லிங்க்ஸ் அறிக்கையைத் திறந்து, டாப் லிங்க்கிங் சைட்ஸ் (அதிக லிங்க் கொடுக்கும் தளங்கள்) பட்டியலை மேலிருந்து கீழே படியுங்கள். நான் அங்கே தேடுவது இவை.

ஒரே தளத்திலிருந்து 800 லிங்க் வந்திருக்கிறதா? யாரோ தங்கள் தளத்தின் ஃபுட்டரில் (எல்லாப் பக்கத்தின் அடியிலும் வரும் பகுதி) உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்கள். எண்ணிக்கை 800 என்றாலும் பரிந்துரைத்தவர் ஒருவர்தான்.

பட்டியலில் ஃபேஸ்புக், யூடியூப், விக்கிப்பீடியா, கேள்வி பதில் தளங்கள் மட்டுமே நிறைந்திருக்கின்றனவா? பெரும்பாலும் அவை நோஃபாலோ, அதாவது இந்த லிங்க்குக்கு மதிப்புக் கொடுக்க வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி போட்டவை. கமென்ட் ஸ்பாமை (கருத்துப் பெட்டியில் கொட்டும் குப்பை விளம்பரத்தை) அடக்குவதற்காக 2005 ஜனவரியில் கூகுள், யாஹூ, எம்எஸ்என் மூன்றும் சேர்ந்து ஏற்றுக்கொண்ட குறி அது. 2019 செப்டம்பரில் கூகுள் அதைக் கட்டளையாகக் கொள்ளாமல் குறிப்பாக எடுத்துக்கொள்வதாக அறிவித்தது. கூடவே ஸ்பான்ஸர்டு (காசு வாங்கிக் கொடுத்த லிங்க்), யூஜிசி (வாசகர்கள் எழுதும் இடத்து லிங்க்) என இரண்டு புதிய குறிகளும் வந்தன. கன்சோலின் பட்டியல் நோஃபாலோவைத் தனியே பிரித்துக் காட்டாது. அந்த லிங்க் வழியாக ஆள் வரலாம், உங்களைப் பற்றி நாலு பேருக்குத் தெரியலாம். ரேங்க் ஏறும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள்.

கடைசியாக டாப் லிங்க்டு பேஜஸ், அதாவது உங்கள் பக்கங்களில் அதிக லிங்க் பெற்றவை. இதைப் பலர் பார்ப்பதே இல்லை. எல்லா வெளி லிங்க்கும் முகப்புப் பக்கத்துக்கே வந்துகொண்டிருக்கும். நீங்கள் மேலே கொண்டுவர நினைக்கும் பக்கமோ மெனுவில் நாலு அடுக்கு கீழே இருக்கும். இதற்குப் புதிய பேக்லிங்க் தேவையில்லை. வெளி லிங்க் பெற்ற பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு நேராக ஓர் உள் இணைப்புக் கொடுங்கள். செலவில்லாத வேலை, பலன் உண்டு.

இவை எல்லாம் சரியாக இருந்தும் அசையவில்லை என்றால், குறை லிங்க்கில் இல்லாமல் இருக்கலாம். லிங்க் இப்போது முதல் மூன்று காரணிகளில் ஒன்றல்ல என்று 2023-ல் கூகுளின் கேரி இல்யெஸே சொன்னார். தமிழில் தேடப்படும் பல விஷயங்களுக்கு உருப்படியான பக்கங்களே குறைவு. அங்கே லிங்க்கே இல்லாத நல்ல கட்டுரை முதலிடத்தில் நிற்பதைத் தினமும் பார்க்கலாம்.

அறிகுறி: தளத்தை மாற்றினோம், அதற்குப் பிறகு விழுந்தது

புதிய டிசைன், புதிய டொமைன் (தளப் பெயர்), பிளாகரிலிருந்து வேர்ட்பிரஸ், ஹெச்டிடிபியிலிருந்து ஹெச்டிடிபிஎஸ். எதுவானாலும் கேள்வி ஒன்றுதான்: பத்து வருடமாகச் சேர்ந்த லிங்க்குகள் இன்று எங்கே போய் இறங்குகின்றன?

பழைய முகவரிகளின் பட்டியலைத் தேற்றுங்கள். பழைய சைட்மேப் இருந்தால் அது. இல்லையென்றால் பெர்ஃபார்மன்ஸ் அறிக்கையில் மாற்றத்துக்கு முந்தைய தேதிகளை வைத்து, பேஜஸ் டேபை ஏற்றுமதி செய்யுங்கள். பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் பழைய முகப்பைத் திறந்தாலும் முகவரி அமைப்பு தெரிந்துவிடும். கன்சோலின் பேஜஸ் அறிக்கையில் "நாட் ஃபவுண்டு 404" (பக்கம் இல்லை) என்ற வரிசையைத் திறந்தால் கூகுள் இன்னும் தட்டிக்கொண்டிருக்கும் பழைய கதவுகள் வரிசையாகத் தெரியும். அதில் ஏதாவது ஒன்றை இன்ஸ்பெக்ட் செய்தால் எந்தப் பக்கத்திலிருந்து அந்த முகவரி கிடைத்தது என்பதும் சில நேரம் வரும்.

பட்டியலில் உள்ள ஒவ்வொரு முகவரிக்கும் அதே விஷயத்தைப் பேசும் புதிய பக்கத்துக்கு 301 ரீடைரக்ட் (நிரந்தரமாக இடம் மாறியது என்று திருப்பிவிடுவது) போடுங்கள். 301-ல் மதிப்பு கசிந்துவிடும் என்ற பழைய பயம் வேண்டாம். 30-ல் தொடங்கும் ரீடைரக்ட்களில் பேஜ்ரேங்க் குறைவதில்லை என்று 2016-லேயே கூகுள் தரப்பில் சொல்லிவிட்டார்கள். இதில் மூன்று தவறுகள்தான் அடிக்கடி நடக்கின்றன.

எல்லாப் பழைய முகவரிகளையும் முகப்புக்குத் திருப்பிவிடுவது முதல் தவறு. ஹோஸ்டிங்காரர் ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொடுப்பார். கூகுளோ அதை சாஃப்ட் 404 என்று எடுத்துக்கொள்ளும், அதாவது பக்கம் இல்லை என்றே கணக்கு. அந்த லிங்க்குகளின் பலன் போயிற்று. ஈடான பக்கம் உண்மையிலேயே இல்லையென்றால் 404 அல்லது 410 (பக்கம் நிரந்தரமாக நீக்கப்பட்டது) என்று நேர்மையாகச் சொல்லிவிடலாம்.

இரண்டாவது, சங்கிலி. ஹெச்டிடிபியிலிருந்து ஹெச்டிடிபிஎஸ்ஸுக்கு, அங்கிருந்து டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ள முகவரிக்கு, அங்கிருந்து கடைசியில் சாய்கோடு உள்ளதற்கு, அங்கிருந்து புதிய பெயருக்கு. பக்கங்களைப் படிக்கும் கூகுளின் நிரலான கூகுள்பாட் பத்துத் தாவல் வரை பின்தொடரும் என்றாலும் ஒவ்வொரு தாவலும் வேகத்தைத் தின்னும், எங்காவது ஒரு கண்ணி அறுந்தால் மொத்தமும் போகும். பழையதிலிருந்து கடைசி முகவரிக்கு ஒரே தாவலாக வையுங்கள்.

மூன்றாவது, அவசரப்பட்டு எடுத்துவிடுவது. ரீடைரக்ட்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கக் கூகுள் சொல்கிறது. முடிந்தால் எடுக்கவே வேண்டாம் என்பேன். பழைய டொமைனைப் புதுப்பிக்கும் செலவு, அதற்கு வந்த லிங்க்குகளை மறுபடி சம்பாதிக்கும் செலவில் கால்வாசி கூட வராது.

டொமைன் நம் கையில் இல்லையென்றால் என்னவாகும் என்பதற்குத் தமிழ் வலைப்பதிவுகளிலேயே உதாரணம் இருக்கிறது. இந்தியாவிலிருந்து திறக்கும் பிளாக்ஸ்பாட் பதிவுகள் ஒரு காலத்தில் டாட் காம் என்பதற்குப் பதிலாக டாட் இன் என்று முடியும் முகவரிக்குத் திருப்பப்பட்டன. முகவரிப் பட்டையில் இருந்ததை அப்படியே எடுத்து ஒட்டியவர்கள் ஏராளம். 2020-ல் அந்த டாட் இன் டொமைன் கூகுளின் கையை விட்டுப் போனது, அந்த லிங்க்குகள் செத்தன. உங்கள் பழைய பதிவுகளிலோ உங்களை மேற்கோள் காட்டிய நண்பர்களின் பதிவுகளிலோ அப்படி முடியும் முகவரி இருந்தால் டாட் காம் என்று மாற்றச் சொல்லுங்கள். பிளாக்ஸ்பாட்டைத் தொடர்ந்து நடத்துகிறவர்களுக்கு இதைவிட எளிதான லிங்க் மீட்பு வேலை கிடையாது.

தமிழ் முகவரிகளுக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு. முகவரியில் தமிழ் எழுத்தை வைத்தால் பிரவுசரில் தமிழாகத் தெரியும். நகல் எடுத்தால் விழுக்காட்டுக் குறியும் எண்ணும் எழுத்துமாக நீண்டுவிடும். காரணம், யூனிகோடில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ஒரு பைட் முகவரியில் 3 குறிகளாக எழுதப்படும். ஆக ஒரு குறியீட்டுக்கு 9. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் "தமிழ்" என்ற மூன்றெழுத்துச் சொல்லே 45 குறிகளைப் பிடித்துக்கொள்ளும். முகவரியில் பக்கத்தின் பெயராக வரும் பகுதியை ஸ்லக் என்பார்கள். வேர்ட்பிரஸ்ஸில் அதன் எல்லையோ 200. தஞ்சாவூர் பொம்மை செய்யும் முறை என்று தலைப்பு வைத்துப் பாருங்கள். இடைக்கோடுகளையும் சேர்த்து எண்ணினால் "தஞ்சாவூர்-பொம்மை-செய்யும" என்ற இடத்தில் 200 முடிந்துவிடும். மகரத்தின் புள்ளி கூட ஏறாது.

இதனால் கூகுளுக்குப் பிரச்சினை இல்லை, அது படித்துக்கொள்ளும். பிரச்சினை மனிதர்களுக்குத்தான். மின்னஞ்சலில் அனுப்பும்போது வரி உடைந்து பாதி மட்டும் லிங்க்காகும். செய்தித்தாளில் அச்சிடவே முடியாது. மதிப்புள்ள லிங்க் கொடுக்க நினைத்த ஒருவர் நகல் எடுக்கையில் கடைசி நாலு குறியை விட்டிருப்பார், அவ்வளவுதான், 404. 404 பட்டியலில் விழுக்காட்டுக் குறியோடு பாதியில் நிற்கும் முகவரிகள் இருந்தால் அவற்றுக்கும் 301 போடுங்கள். இனி எழுதுவதற்கு ஸ்லக்கை இரண்டு மூன்று சொற்களில் நீங்களே சுருக்கிக் கொடுங்கள். தமிழா ரோமன் எழுத்தா என்பது உங்கள் விருப்பம். ஆனால் ஏற்கெனவே வெளி லிங்க் பெற்ற பக்கத்தின் முகவரியை அழகுக்காக மாற்றப் போகாதீர்கள்.

அறிகுறி: ஒரே நாளில் செங்குத்தாக விழுந்தது; மேனுவல் ஆக்ஷன் இருக்கிறது

லிங்க் தொடர்பாக வரும் நோட்டீஸ் இரண்டு வகை. "அன்நேச்சுரல் லிங்க்ஸ் டு யுவர் சைட்" என்றால் உங்களுக்கு வரும் லிங்க் செயற்கையானது என்று ஒரு மனிதர் பார்த்து முடிவு செய்திருக்கிறார். "ஃப்ரம் யுவர் சைட்" என்றால் நீங்கள் கொடுக்கும் லிங்க். அதைக் கடைசிப் பகுதியில் பார்ப்போம்.

இந்தத் தண்டனை எவ்வளவு வேகமானது என்பதற்கு 2011 பிப்ரவரியில் அமெரிக்காவின் ஜே.சி.பென்னி கடைக்கு நடந்ததைச் சொல்வார்கள். படுக்கை விரிப்பு முதல் பெட்டி வரை எதைத் தேடினாலும் அந்தக் கடையே முதலில் வந்தது. சம்பந்தமில்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு லிங்க் நட்டிருப்பதை நியூயார்க் டைம்ஸ் கண்டுபிடித்துக் கூகுளிடம் கேட்டது. சாம்சொனைட் கைப்பெட்டிக்கான தேடலில் முதலிடத்தில் இருந்த கடை இரண்டு மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போனது. அடுத்த வருடம் கூகுள் தன்னுடைய குரோம் பக்கத்துக்கே இதைச் செய்தது. விளம்பரப் பதிவு ஒன்றில் நோஃபாலோ இல்லாத லிங்க் இருந்ததற்காகக் குறைந்தது 60 நாள் கீழே இறக்கியது.

சரி, உங்களுக்கு வந்துவிட்டால்? லிங்க்ஸ் அறிக்கையை முழுதும் இறக்கி, காசு கொடுத்தவை, பேக்கேஜில் வந்தவை, "நீ எனக்கு நான் உனக்கு" என்று கூட்டாகப் போட்டவை ஆகியவற்றைப் பிரியுங்கள். டாப் லிங்க்கிங் டெக்ஸ்ட் (உங்களுக்கு வரும் லிங்க்குகளின் இணைப்புச் சொற்கள்) பட்டியல் இதற்கு உதவும். உங்கள் நிறுவனத்தின் பெயரும் வெறும் முகவரியும் மேலே இருந்தால் இயல்பு. "சென்னையில் குறைந்த விலையில் இன்டீரியர் டிசைன்" என்று முழு வாக்கியமே நூறு தளங்களில் ஒரே மாதிரி வந்தால் இயல்பாக யாரும் அப்படி எழுதுவதில்லை.

அந்தத் தளக்காரர்களுக்கு எழுதி எடுக்கச் சொல்லுங்கள், அல்லது நோஃபாலோ போடச் சொல்லுங்கள். பதில் வராதவற்றை மட்டும் டிஸவாவ் கோப்பில், அதாவது இந்த லிங்க்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் பட்டியலில், சேருங்கள். அது சாதாரண டெக்ஸ்ட் கோப்பு: வரிக்கு ஒரு முகவரி, அல்லது டொமைன் என்ற ஆங்கிலச் சொல்லும் முக்காற்புள்ளியும் போட்டுத் தளத்தின் பெயர். 2 எம்பிக்குள், ஒரு லட்சம் வரிக்குள் இருக்க வேண்டும். கன்சோலில் தளத்தை டொமைன் பிராப்பர்ட்டியாக (தளத்தின் எல்லா முகவரிகளும் சேர்ந்த ஒரே பதிவாக) சேர்த்திருந்தால் இந்தக் கருவி வேலை செய்யாது. ஹெச்டிடிபிஎஸ் முன்னொட்டோடு தனியாக ஒரு பிராப்பர்ட்டி சேர்க்க வேண்டும். பலர் சிக்கி நிற்பது இங்கேதான்.

பிறகு மறுபரிசீலனை விண்ணப்பம். என்ன நடந்தது, யார் செய்தது, எதை எடுத்தீர்கள், எது முடியவில்லை என்று விவரமாக எழுதுங்கள். "எங்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது" என்ற ஒற்றை வரி திரும்பி வந்துவிடும். பதில் வரச் சில நாளும் ஆகலாம், சில வாரமும் ஆகலாம். தண்டனையை நீக்கிய பிறகும் பழைய இடத்துக்கு அப்படியே திரும்ப மாட்டீர்கள். அந்த உயரத்தைக் கொடுத்தது செயற்கை லிங்க் என்றால் அது இப்போது இல்லையே.

அறிகுறி: மேனுவல் ஆக்ஷன் இல்லை, ஆனால் கெட்ட லிங்க் குவிகிறது, அல்லது மெல்லச் சரிகிறது

ஏதோ நாட்டு வால்பேப்பர் தளங்கள், சூதாட்டப் பக்கங்கள், புரியாத எழுத்தில் ஒரு பட்டியல். போட்டிக்காரர் வேலையோ என்ற பயம் வரும். எந்தத் தளத்துக்கும் இப்படிக் குப்பை லிங்க் வந்துகொண்டேதான் இருக்கும். 2012 ஏப்ரல் 24 அன்று பெங்குவின் என்ற கூகுளின் லிங்க் வடிகட்டி வந்தபோது கெட்ட லிங்க் தளத்தையே கீழே இழுத்தது. அதே வருடம் அக்டோபரில் டிஸவாவ் கருவி வந்ததற்கும் அந்தப் பயமே காரணம். 2016 செப்டம்பரில் வந்த பெங்குவின் 4-க்குப் பிறகு அத்தகைய லிங்க்கைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. மைக்ரோசாஃப்டின் தேடுபொறியான பிங் தன் டிஸவாவ் கருவியை 2023-ல் எடுத்தே விட்டது.

எனவே நீங்கள் காசு கொடுத்து வாங்கியது இல்லை, மேனுவல் ஆக்ஷனும் இல்லை என்றால் அந்தப் பட்டியலைத் தொடாதீர்கள். சில கருவிகள் "டாக்ஸிக் 62 சதவீதம்" என்று சிவப்பில் காட்டும். அதை நம்பி மொத்தமாக டிஸவாவ் செய்தவர்கள், கூடவே நல்ல உள்ளூர்த் தளங்களையும் வெட்டிக்கொண்டு அவதிப்படுகிறார்கள்.

மெல்லச் சரிவது வேறு விஷயம். 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெய்ன் என்ற அமைப்பை வைத்துக் கூகுள் லிங்க் ஸ்பாமைப் பெரிய அளவில் செல்லாதாக்கியது. வாங்கிய லிங்க்கால் ஏறியிருந்த தளங்கள் அப்போது இறங்கின. இது தண்டனையில்லை, கிடைத்துக்கொண்டிருந்த உதவி நின்றுவிட்டது. டிஸவாவ் செய்தால் திரும்ப வராது, விண்ணப்பம் போடவும் வழியில்லை. முன்பு பேக்கேஜ் வாங்கியிருந்தவர்களுக்கு இது கசப்பான பதில்தான்.

அறிகுறி: வெளியே கொடுக்கும் லிங்க்கால் பிரச்சினையோ என்ற சந்தேகம்

"வெளியே லிங்க் கொடுத்தால் நம் மதிப்பு வடிந்துவிடும்" என்று எல்லா வெளி லிங்க்கிலும் நோஃபாலோ போட்டுவைக்கும் தளங்களை நிறையப் பார்க்கலாம். அதற்கென்றே பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) இருக்கிறது. பயனில்லை. நோஃபாலோ போட்ட லிங்க்கின் பங்கு மற்ற லிங்க்குகளுக்குத் திரும்பி வராது, வீணாகத்தான் போகும் என்று 2009-லேயே கூகுளின் மாட் கட்ஸ் விளக்கிவிட்டார். மறுபக்கம், நல்ல தளங்களுக்கு லிங்க் கொடுத்தால் ரேங்க் ஏறும் என்பதும் கட்டுக்கதை. வாசகருக்குப் பயன்பட்டால் கொடுங்கள். காசு வாங்கியிருந்தால் ஸ்பான்ஸர்டு போடுங்கள். வாசகர்கள் எழுதும் இடமென்றால் யூஜிசி. மற்றவற்றை இயல்பாக விடுங்கள்.

வெளி லிங்க் உண்மையிலேயே அடிக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, கெஸ்ட் போஸ்ட், அதாவது வெளியார் எழுதி உங்கள் தளத்தில் வரும் கட்டுரை. உங்கள் தளம் கொஞ்சம் பேர் வாங்கியதும் மின்னஞ்சல் வர ஆரம்பிக்கும்: "உங்கள் தளத்தில் தரமான கட்டுரை தருகிறோம், ஒரு டூஃபாலோ (நோஃபாலோ இல்லாத) லிங்க் போதும், இவ்வளவு தருகிறோம்." சமையல் குறிப்புத் தளத்தில் ஆன்லைன் கடன் பற்றிய கட்டுரை முளைப்பது இப்படித்தான். "ஃப்ரம் யுவர் சைட்" நோட்டீஸ் வருவது பெரும்பாலும் இதற்குத்தான். 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் கொள்கையில், தளத்தின் நற்பெயரைப் பிறர் பயன்படுத்திக்கொள்ள விடுவதையும் தனிக் குற்றமாகச் சேர்த்திருக்கிறது. அந்தக் கட்டுரைகளை எடுங்கள், குறைந்தது ஸ்பான்ஸர்டு குறியாவது போடுங்கள், பிறகு விண்ணப்பம் அனுப்புங்கள்.

இரண்டாவது, நீங்கள் கொடுக்காத லிங்க். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீம் ஒன்றை யாரோ இலவசமாக ஜிப் கோப்பில் தந்திருப்பார்கள். அதன் ஃபுட்டர் கோப்பில் புரியாத நீண்ட எழுத்துச் சரம் ஒன்று இருக்கும். அது பக்கத்தில் ஒரு பெட்டியைச் சேர்த்து, திரையிலிருந்து மைனஸ் 9999 பிக்சல் தள்ளி இடது பக்கம் வைத்துவிடும். உள்ளே நாற்பது ஐம்பது சூதாட்ட, மருந்து லிங்க்குகள். உங்கள் கண்ணுக்குப் படாது. இவற்றில் சில வகை, கூகுள்பாட் வரும்போது மட்டும் தலைகாட்டும், நீங்கள் சோர்ஸைத் திறந்து பார்த்தாலும் இருக்காது.

பார்க்கும் வழி இது. கூகுளில் சைட் என்ற ஆங்கிலச் சொல், முக்காற்புள்ளி, இடைவெளி விடாமல் உங்கள் டொமைன், பிறகு ஓர் இடைவெளி விட்டு கேசினோ அல்லது ஸ்லாட் என்று ஆங்கிலத்தில் போட்டுத் தேடுங்கள். நீங்கள் எழுதாத பக்கங்கள் வந்தால் உள்ளே ஆள் நுழைந்திருக்கிறார். எதுவும் வரவில்லை என்றாலும் விடாதீர்கள். யூஆர்எல் இன்ஸ்பெக்ஷனில் முகப்பைப் போட்டு "டெஸ்ட் லைவ் யூஆர்எல்" கொடுத்து, கூகுள் பார்த்த ஹெச்டிஎம்எல்லைத் திறந்து, அதற்குள் ஹெச்ரெஃப் என்று தேடிக்கொண்டே போங்கள். தெரியாத டொமைன் ஒன்று வந்தாலும் அதுதான்.

லிங்க்கை மட்டும் அழித்தால் மறுநாள் திரும்ப வந்துவிடும். அந்தத் தீம், பிளகின் இரண்டையும் முழுதாக நீக்கி, வேர்ட்பிரஸ் மூலக் கோப்புகளைப் புதிதாகப் போட்டு, யூசர் பட்டியலில் தெரியாத அட்மின் இருந்தால் எடுத்து, ஹோஸ்டிங், டேட்டாபேஸ், எஃப்டிபி எல்லாவற்றின் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். சர்ச் கன்சோலின் யூசர்ஸ் பகுதியையும் பாருங்கள், அங்கேயும் தங்களை உரிமையாளராகச் சேர்த்துக்கொள்வார்கள். ரூட் ஃபோல்டரில் அவர்கள் வைத்த சரிபார்ப்புக் கோப்பை அழித்த பிறகுதான் அந்த உரிமையாளர் போவார். முளைத்த போலிப் பக்கங்களுக்கு 410 கொடுங்கள், முகப்புக்குத் திருப்ப வேண்டாம். செக்யூரிட்டி இஷ்யூஸில் நோட்டீஸ் இருந்தால் எல்லாம் முடிந்த பிறகு அங்கேயே மறுஆய்வு கேளுங்கள்.

செத்துப்போன வெளி லிங்க்குகளைப் பற்றியும் கேட்பார்கள். பழைய கட்டுரையில் 404 ஆன வெளி முகவரி இருப்பதால் ரேங்க் விழாது. ஆனால் அந்த டொமைன் காலாவதியாகி வேறொருவர் கைக்குப் போயிருந்தால், உங்கள் குழந்தை வளர்ப்புக் கட்டுரை இன்று வயது வந்தோர் தளத்துக்கு வழி காட்டிக்கொண்டிருக்கும். செத்த லிங்க்கைத் தேடும் ப்ரோக்கன் லிங்க் செக்கர் கருவிக்கு இது தெரியாது, அதைப் பொறுத்தவரை பக்கம் 200 என்று ஒழுங்காகத் திறக்கிறது. அதிகம் படிக்கப்படும் கட்டுரைகளிலாவது வருடத்துக்கு ஒருமுறை வெளி லிங்க்குகளைக் கையால் தட்டிப் பாருங்கள்.